விமானம் தரையில் நிற்கும்போது

வணக்கம். விமானப் புகை என்றதும் பலருக்கு வானத்தில் நீளும் அந்த வெள்ளைக் கோடுதான் ஞாபகம் வரும். அது பெரும்பாலும் உறைந்த நீராவி, பத்து கிலோமீட்டர் உயரத்தில் கிடக்கிறது, நாம் இழுக்கும் மூச்சுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வில்லங்கம் எல்லாம் தரையில்தான்.

ஏறி உட்கார்ந்தாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, விமானம் மெல்ல ஊர்ந்துபோய் ஓடுபாதைக்கு முன்னால் ஏழெட்டு விமானங்களுக்குப் பின்னால் நிற்கிறது. அப்போது உள்ளே லேசாக ஒரு மண்ணெண்ணெய் வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? முன்னால் நிற்கிற விமானம் விட்டதுதான் அது. ஜெட் எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதானே. அதை ஜெட் இன்ஜின் முழு வேகத்தில் நன்றாகவே எரித்துவிடும். சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போதுதான் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் வெளியே வருகின்றன. புறப்படும்போது கதை தலைகீழ், சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். இன்ஜின்களுக்குச் சான்று தரும் சர்வதேசக் கணக்கில் புறப்பாட்டுக்கு ஒதுக்கியிருப்பது 42 விநாடி, தரையில் ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் 26 நிமிடம்!

சரி, காற்றின் தரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது, அங்கேதான் சிக்கல். நாம் வழக்கமாகப் பார்க்கும் பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் அளவுள்ள துகள்களின் எடைக் கணக்கு. ஜெட் புகையில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை 10, 20 நானோமீட்டர் அளவுள்ள மிக நுண்ணிய துகள்கள் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான்). 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடாக 20 நானோமீட்டர் துகள்கள் ஏறக்குறைய 20 லட்சம் வேண்டும். அதனால் லட்சக்கணக்கில் வந்து விழுந்தாலும் மீட்டர் அசையாது, ஆனால் நுரையீரலின் அடி ஆழம்வரை அவை போகும். இவற்றைத் தராசில் போடக் கூடாது, எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்திலிருந்து காற்று வீசும் பக்கமாக 10 கிலோமீட்டர் தள்ளிப்போயும் துகள் எண்ணிக்கை வழக்கத்தைப்போல நான்கு மடங்கு, 16 கிலோமீட்டரில் இரண்டு மடங்கு. வேலிக்குப் பக்கத்து வீடுதான் பாவம் என்று அதுவரை நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். உலக சுகாதார நிறுவனம்கூட 2021-இல் இவற்றுக்கு உறுதியான வரம்பு வைக்கவில்லை, ஒரு கன சென்டிமீட்டரில் 24 மணி நேர சராசரி 10,000-ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இவ்வளவு துகள் எங்கிருந்து வருகிறது? ஒரு முக்கியக் காரணம் எரிபொருளில் இருக்கும் கந்தகம். பல நாடுகளில் லாரிக்குப் போடும் டீசலில் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. ஜெட் எரிபொருளுக்கு அனுமதி 3,000 பங்குவரை. நடைமுறையில் அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் கந்தகத்தை எடுக்கும் நுட்பம் சுத்திகரிப்பு ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிறது, செலவுதான் தடை.

அப்புறம் வாலில் ஒரு குட்டி இன்ஜின் உண்டு. விமானம் நிற்கும்போது விளக்குக்கும் ஏசிக்கும் அதுதான் ஓடும், தரையிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்துவிட்டால் அதை அணைத்துவிடலாம். ஊர்ந்து போகும்போது ஒரு இன்ஜினை மட்டும் ஓட்டலாம், வரிசையில் நிற்பதற்குப் பதிலாக முறை வரும்வரை பயணிகள் ஏறிய இடத்திலேயே இன்ஜினை அணைத்து நிறுத்தியும் வைக்கலாம். புது விமானம் வாங்க வேண்டிய அவசியமே இல்லாத வேலைகள் இவை.

அடுத்த முறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கீழே பாருங்கள். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓடிவருகிறவர் காதில் பெரிய மூடி மாட்டியிருப்பார், சத்தம் கெடுதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூக்கில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.