கலரும் கொய்யாவும் ஒன்றா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சர்க்கரை எங்கே இருந்தாலும் சர்க்கரைதான், பழத்தைப் புகழ்ந்து குளிர்பானத்தைப் பழிப்பது ஓரவஞ்சனை" என்றார் எதிரணித் தலைவர். பாதி சரி. குளுக்கோஸ் எதிலிருந்து வந்தாலும் குளுக்கோஸ்தான். அது உடம்புக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் ஐயா வழக்கே இருக்கிறது!

300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை. எட்டு டீஸ்பூன். நேற்றிரவு அதே அளவு தண்ணீரில் எட்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்துப் பார்த்தேன். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை, குமட்டியது. கலர் மட்டும் எப்படி மடமடவென்று இறங்குகிறது? ஜில்லிப்பும் பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பும் தித்திப்பை அமுக்கிவிடுகின்றன. மூடியைத் திறந்து, கேஸ் போய், சூடேறிய கோலாவை ஒரு வாய் குடித்தவர்களுக்கு இது தெரியும்.

கொய்யாவுக்கு வாருங்கள். 100 கிராமில் சுமார் 9 கிராம் சர்க்கரை, கூடவே 5 கிராம் நார்ச்சத்து. கோலாவின் கணக்கை எட்ட 350 கிராம் கொய்யா தின்ன வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, விதை பல்லில் சிக்கச் சிக்க, தாடை வலிக்க மெல்ல வேண்டும்! அதற்குள் வயிறு போதும் என்றுவிடும். பழத்தின் சர்க்கரை செல்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. நார்ச்சத்து அதைக் குடலில் மெதுவாகத்தான் விடுகிறது. கலருக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. குடித்த கையோடு வழக்கமான சோற்றையும் சாப்பிடுகிறோம்.

என் அணித் தோழர் பழச்சாறையும் பழக் கணக்கில் சேர்த்தார். மன்னிக்க வேண்டும், அதை நான் ஏற்கமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டுதலில் பழச்சாற்றுச் சர்க்கரையைக் குளிர்பானச் சர்க்கரையோடுதான் உட்கார வைத்தது. முழுப் பழத்தில் இருப்பதை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அந்த வகைச் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றது. ஒரே பாட்டிலில் அது தாண்டிவிடுகிறது!

என் அப்பாவுக்குச் சுகர். அளவாகக் கொய்யா சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும், "பழமாச்சே, இனிப்பாச்சே" என்று பயந்து தட்டைத் தள்ளிவிடுவார். சொந்தக்காரர் வீட்டில் கலர் வாங்கிக் கொடுத்தால், "மறுத்தா மனசு சங்கடப்படுவாங்க" என்று குடித்துவிடுவார். எல்லாம் ஒரே சர்க்கரை என்று இந்த மேடையில் தீர்ப்பானால், அவர் கை நாளைக்கும் கொய்யாத் தட்டைத்தான் தள்ளும். அவருக்காகவும் கேட்கிறேன் நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.