ஆர்க்கிட் வளர்ப்பு: முதலில் வேரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆர்க்கிட் பூவைப் பிடிக்காது என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் "வீட்டில் வளர்க்கலாமே" என்று சொன்னால் பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள். அதற்குக் கண்ணாடிக் கூடம் வேண்டும், பணம் வேண்டும், நமக்கு ஒத்துவராது என்கிறார்கள். இன்னும் சிலர், "பூவோடு வாங்கினோம், பூ உதிர்ந்தது, கொஞ்ச நாளில் செடியும் போய்விட்டது" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பூவை மறந்துவிட்டு முதலில் வேரைப் பாருங்கள்.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மண்ணைத் தொடுவதே இல்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. மரத்தின் சாற்றை அவை குடிப்பதில்லை; உட்கார ஓர் இடம் மட்டுமே கேட்கின்றன. மழை பெய்தால் வேர் முழுக்க நனையும். மழை விட்டதும் காற்று அதை உலர்த்திவிடும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வாழ்ந்து பழகிய வேர் அது. அதைச் சுற்றி வெலமென் என்ற வெண்மையான உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன அந்த உறை, பஞ்சு போலத் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பும்.

இப்படிப்பட்ட வேரைத் தோட்டத்து மண்ணில் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? காற்றில்லாமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது. இலை சுருங்கும். இலை சுருங்கியதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று நாம் இன்னும் ஊற்றுவோம். வீடுகளில் ஆர்க்கிட் சாவது பெரும்பாலும் இப்படித்தான். வறட்சியால் செத்த ஆர்க்கிட் குறைவு.

அதனால் மண் வேண்டாம். மரப்பட்டைத் துண்டுகள், கரித்துண்டுகள், தேங்காய் மட்டைத் துண்டுகள் இவற்றைக் கலந்து, நிறைய ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அழகு குறைவுதான், ஆனால் வேர் தெரியும். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடலாம். பழுப்பாகி, விரலால் அழுத்தினால் அமுங்கினால் அந்த வேர் போய்விட்டது. வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு எண்ணாகப் பதில் கிடையாது. வெயில், காற்று, தொட்டியின் அளவு எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். வேரின் நிறம் மட்டும் மாறாமல் உண்மையைச் சொல்லும்.

ஊற்றும்போது சொட்டுச் சொட்டாக வேண்டாம். காலையில், தொட்டியின் அடியில் ஓடுகிற அளவுக்கு ஊற்றி, முழுக்க வடிய விடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. இலைகள் சேரும் நடுக்குருத்திலும் தேங்கக் கூடாது. தேங்கினால் ஒரு தாளின் நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குருத்து அழுகிவிடும். மரப்பட்டையும் நாளாக ஆக மக்கி, மண் போல் இறுகிப்போகும். அதனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பூ முடிந்து புது வேர் தலைகாட்டும் சமயத்தில், கலவையை மாற்றுங்கள். உரம் மிகக் குறைவாகப் போதும். புட்டியில் எழுதியிருப்பதில் கால் பங்கு.

சரி, இனி வெளிச்சம். செடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை என்கிற குறைக்கு அநேகமாக வெளிச்சக் குறைவுதான் காரணம். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால் நாம் மகிழ்ந்துபோகிறோம். ஆர்க்கிட்டுக்கு அது நல்ல அறிகுறி அல்ல. இளம்பச்சை இலைதான் பூக்கும் இலை. சிவப்பேறினால் வெயில் அதிகம். உச்சி வெயில் நேராகப் படாத, மெல்லிய திரை போட்ட ஜன்னலோரம் ஃபலெனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைக்குப் போதும். டென்ட்ரோபியம், காட்லியா என்ற வகைகள் இரண்டுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். வாண்டா என்ற வகைக்கு அதற்கும் மேல். அதன் வேர்கள் வெறுமனே காற்றில் தொங்குவதால் தினமும் நனைக்கவும் வேண்டும். அந்தப் பொறுமையும் இடமும் இருப்பவர்கள் மட்டும் வாண்டாவை எடுங்கள். முதல் செடியாக நான் எப்போதும் சொல்வது ஃபலெனாப்சிஸைத்தான்.

அதன் பூ வருவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. வெப்பம் 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால் அது இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால் பூத்தண்டு விடும். ஆண்டின் குளிர்ச்சியான காலத்தில் இரவுக் காற்று படும்படி வைப்பதே போதுமானது. இலைக்கு அடியிலிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கும். வேரா, தண்டா? நுனி உருண்டையாக, பளபளப்பாக இருந்தால் வேர். சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் மடிந்ததுபோல் இருந்து மேல்நோக்கி வளர்ந்தால் தண்டு. அது மொட்டு விட்டு விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தொட்டியைத் திருப்பாதீர்கள். மொட்டுகள் வெளிச்சத்தைப் பார்த்து வரிசையாக அமைகின்றன. திருப்பினால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பழக்கூடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

விரிந்த பிறகு ஃபலெனாப்சிஸ் பூ இரண்டு மூன்று மாதம் அப்படியே நிற்கும். இந்த நாட்களில் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு பூவின் நடுவே பாருங்கள். வேறு பூக்களில் போல மகரந்தம் தூளாக உதிராது. சின்ன உருண்டைகளாகத் திரண்டு, ஒட்டும் பசையோடு, வரும் பூச்சியின் உடம்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளக் காத்திருக்கும். கீழே இருக்கும் அகன்ற இதழ் அந்தப் பூச்சி இறங்குவதற்கான மேடை. மொட்டாக இருக்கும்போது அது மேலே இருந்தது என்பது இன்னும் வியப்பு; மலர்வதற்கு முன் பூ 180 டிகிரி திரும்பிக்கொள்கிறது.

மணத்தையும் தேடுங்கள். கடையில் கிடைக்கும் ஃபலெனாப்சிஸ் பலவற்றுக்கு மணம் இல்லாததால் ஆர்க்கிட்டே மணக்காது என்று நினைக்கிறோம். ஆன்சிடியம் என்ற ஆர்க்கிட் இனத்தில் 'ஷாரி பேபி' என்ற வகை சாக்லேட்டாக மணக்கும். பிரசவோலா நோடோசா என்ற ஆர்க்கிட் பகலில் சும்மா இருந்துவிட்டு, இரவானதும் அந்துப்பூச்சிகளுக்காக மணத்தை அவிழ்த்துவிடும். வனிலாவும் ஓர் ஆர்க்கிட்தான், தெரியுமல்லவா?

இத்தனையும் நம் ஜன்னலுக்கு வந்ததற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதற்குள் இல்லை. ஒரு பூஞ்சையின் துணையால்தான் அது முளைக்கிறது என்பதை 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் என்ற கூழில், பூஞ்சையே இல்லாமல் விதையை முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல், தண்டின் நுனித் திசுவிலிருந்து ஒரே செடியைப் பலவாகப் பெருக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்பு பணக்காரர்களின் கண்ணாடிக் கூடங்களுக்காகக் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பெயர்த்து எடுத்தார்கள். இன்றும் காட்டுச் செடிகளைத் திருட்டுத்தனமாக விற்பவர்கள் உண்டு. அவர்களிடம் வாங்காதீர்கள். நாற்றங்காலில் வளர்ந்த செடி காட்டுக்கும் நல்லது, தொட்டிக்கும் எளிதில் பழகும்.

பூச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலையிடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன்பு தீயில் காட்டிச் சுத்தம் செய்யுங்கள், ஒரு செடியின் வைரஸ் அடுத்ததற்குப் பரவாது.

கடைசிப் பூவும் உதிர்ந்த பிறகு செடியைத் தூக்கிப் போடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபலெனாப்சிஸின் தண்டு பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டு மூன்று கணு விட்டு, அதற்கு மேலே வெட்டுங்கள். பல சமயம் கணுவிலிருந்து கிளைத்து இன்னொரு முறை பூக்கும். காய்ந்து பழுப்பானால் அடியோடு வெட்டிவிடலாம். டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டுகளை, அவை பருமனாக இருக்கும்வரை வெட்டவே வேண்டாம். செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது, அதிலிருந்தே மறுபடி பூக்கவும் கூடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.