விசில் வந்தால் முட்டை

வணக்கம். தெருவில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து வந்து, உண்ணி பிடுங்கி, ஊசி போட்டு, "தத்துக்குத் தயார்" என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறோம் இல்லையா, அந்தப் படத்துக்கும் புது வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: குட்டியை வீட்டுச் சத்தங்களுக்குப் பழக்குவது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஊசிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 4 மாதம் ஆகும் வரை. 3 மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி. நடுநடுவே பூச்சி மருந்து. கொண்டுவந்த அன்றே வீட்டில் இருக்கும் மற்ற குட்டிகளோடு விடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகக் கழியும், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், வெறும் பினாயிலுக்கெல்லாம் அசையாது.

சரி, இது டாக்டர் பார்த்துக்கொள்வார். நாம் பார்க்க வேண்டியது வேறு.

சில வருஷம் முன்னால் ஒரு செம்பட்டைப் பெட்டைக்குட்டி, கோயம்பேட்டில் லாரிக்கு அடியில் கிடைத்தது. இரண்டு மாதம் என் மொட்டை மாடியில் வளர்த்தேன். ஊசி எல்லாம் போட்டாயிற்று, நல்ல குடும்பம், கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா போன் செய்கிறார். "நாய் தங்கமான நாய் சார், ஆனா எங்களால சமைக்கவே முடியலை." குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒண்ணுக்குப் போய்விடுகிறதாம். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் விசில்தானே!

தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. குட்டி 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை எதைக் கேட்டுப் பழகுகிறதோ அதுதான் அதற்குச் சாதாரணம். மாடியில் காக்காவும் தண்ணீர் மோட்டாரும்தான் கேட்டிருக்கும். நம்ப மாட்டீர்கள், அது டைல்ஸ் தரையில் கால் வைக்கவே யோசித்தது.

திரும்ப அழைத்து வந்தேன். அடுக்களையில் குக்கர், நாயும் நானும் வாசல் கேட்டில், கையில் வேகவைத்த முட்டை. விசில் வந்த பிறகு ஒரு துண்டு. "பிறகு" என்பதைக் கவனியுங்கள். முட்டையை முதலில் காட்டினால், அடுத்து விசில் வரப்போகிறது என்று முட்டையைப் பார்த்தே நடுங்கும். விசில், அப்புறம் முட்டை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலு அடி உள்ளே. மூன்றாவது வாரம், விசில் சத்தம் கேட்டதும் அதுவே அடுக்களைக்கு ஓட ஆரம்பித்தது. அதே வீட்டுக்குத்தான் திரும்பப் போனது. இப்போது அந்த அம்மாவின் புகார், குக்கர் வைத்தால் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்பது.

மிக்ஸி, காலிங் பெல், துடைப்பம், ஹெல்மெட் போட்ட ஆள், எல்லாவற்றுக்கும் இதே வழிதான். விசில், அப்புறம் முட்டை.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். தனியாக இருக்கப் பழக்குவது பற்றிப் பெரிதாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஐந்து ஐந்து நிமிஷமாகத் தொடங்குங்கள், அவ்வளவுதான். கருத்தடையை மறக்காதீர்கள். தீபாவளி வாரத்தில் யாருக்கும் நாய் கொடுக்காதீர்கள். அனுப்பும்போது அது படுத்திருந்த பழைய துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள், முதல் ராத்திரிக்கு அந்த வாசனை வேண்டும். வணக்கம்.