கெட்ட செய்தி மேல போய்ச் சேருற வழி

எல்லாருக்கும் வணக்கம். வேலைநாள் பின்னேரம் வெள்ளவத்தை ட்ராஃபிக்கையும் தாண்டி வந்திருக்கிறீங்க, அதால நேரா விஷயத்துக்கு வாறன்.

சர்வாதிகாரம் எண்டா ஒரு கொள்கையை டக்கெண்டு மாத்தலாம், ஜனநாயகம் எண்டா இழுபடும் எண்டு கனபேர் நம்புகினம். நான் நம்பேல்ல. சீனாவைப் பாருங்கோ, ஒரு பிள்ளைக் கொள்கை 1980இல நாடு முழுக்க வந்தது, 90களிலயே பிறப்பு வீதம் நல்லா விழுந்திட்டுது, ஆனா 2016 வரைக்கும் அதை எடுக்கேல்ல. கொவிட்டுக்கும் அப்பிடித்தான், மூண்டு வருஷமா ஊர் ஊரா பூட்டி வச்சுப்போட்டு, 2022 நவம்பர் கடைசியில சனம் ரோட்டில இறங்கின பிறகு டிசம்பர் 7ஆம் திகதி ஒரேயடியா தளர்த்தினம், வயசுபோன ஆக்கள் கனபேர் மூண்டாவது ஊசி கூடப் போடாத நேரம். கனகாலம் ஒண்டும் அசையாது, பிறகு எல்லாம் சேந்து ஒரு நாளில உடையும்.

ஏன் இப்பிடி? கீழ இருக்கிறவருக்கு மேல கெட்ட செய்தி சொல்லப் பயம். 1958க்குப் பிறகு மாவோ காலத்தில கிராமத்து அதிகாரிகள் இல்லாத விளைச்சலை இருக்கெண்டு எழுதிக் குடுத்தவை, அந்தக் கணக்கை வச்சு அரசாங்கம் தானியத்தை அள்ளினது, ஒரு கோடிக்கும் மேல சனம் பட்டினியில செத்தது. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில அப்பிடிப் பெரிய பஞ்சம் வராது எண்டு பொருளியலாளர் அமர்த்தியா சென் சொல்லுறது இதாலதான்.

ஜனநாயகத்திலயும் இழுபாடு இருக்கு, மறைக்கேல்ல. சிகரெட்டால நுரையீரல் புற்றுநோய் வருது எண்டு பிரித்தானியாவில 1950இலயே ஆய்வு வந்தது, டிவி விளம்பரத்தை 1965இல நிப்பாட்டினவை, இங்கிலாந்தில கட்டடங்களுக்குள்ள புகைக்கிறதைத் தடுக்க 2007 ஆச்சு. அந்த இடைவெளியில செத்த சனம் கொஞ்சமில்ல. ஆனா வச்ச அடியைத் திருப்பி எடுக்க வேண்டி வரேல்ல.

இனி எங்கட நாடு, இலங்கை. 2019இல வாக்குப் போட்டுத்தான் ஜனாதிபதியைத் தெரிவு செய்தது, 2020 ஒக்டோபரில அரசியலமைப்புக்கு 20ஆவது திருத்தம் வந்து அதிகாரம் எல்லாம் ஒரு கதிரைக்குப் போச்சு. 2021 மே மாசம் ஒரு கெசட், ரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. விளைச்சல் விழும் எண்டு விவசாயம் படிச்ச ஆக்கள் சொன்னவை, கமக்காரர் தெருவில இறங்கினவை, நவம்பரில தடையை எடுக்கேக்க பெரும்போகம் தொடங்கிட்டுது. எனக்கு இதை விட நெஞ்சு கொதிச்சது ஜனாஸா எரிப்பில, கொவிட்டில செத்த முஸ்லிம் ஆக்களின்ர உடலை எரிச்சதில. புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலயே சொல்லியும் கட்டாயமா எரிச்சினம், கொழும்பு பொரளை கனத்தை மயானத்து கேற்றில சனம் எதிர்ப்புக் காட்டி வெள்ளைத் துணி கட்டினது, 2021 பெப்ரவரி கடைசியிலதான் அனுமதி வந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024இல.

இது ரெண்டும் தேர்தல் நடக்கிற நாட்டில நடந்தது, அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா போடுற வாக்கால மட்டும் கெட்ட செய்தி மேல போகாது, கணக்காய்வாளர் அறிக்கை வேணும், அரச நிறுவனங்களைக் கேள்வி கேக்கிற பாராளுமன்றத்தின்ர கோப் குழு வேணும், பேப்பர்காரர் பயமில்லாம எழுதவேணும், நாங்களும் கேக்கவேணும். 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில இருக்கு. தமிழிலயே எழுதிக் குடுக்கலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலைநாளுக்குள்ள அவை முடிவு சொல்லவேணும். உங்கட வீதி, உங்கட பிள்ளையின்ர பள்ளிக்கூடம், உங்கட ஆஸ்பத்திரி மருந்து, எதில தொடங்கினாலும் சரி, இந்தக் கிழமையே ஒரு கடிதம் எழுதுங்கோ.