காதுக்குள் இருக்கும் நிணநீரில் நிணம் இல்லை

[திரையில்: சொட்டு மருந்துக் குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு விழுகிறது.]

இந்த ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர். இதை ஆறு பங்காக்கி ஒரு பங்கை மட்டும் எடுங்கள். உட்காதின் நத்தைச் சுருளுக்குள், அதாவது காக்ளியாவுக்குள், இருக்கும் எண்டோலிம்ப் என்ற திரவம் ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் கேட்கும் ஒலி எல்லாம் நரம்புக்குப் போகும் முன்பு மின்சாரமாக மாறுவது இதன் தயவில்தான்.

முதலில் பெயர். 'எண்டோ' கிரேக்கச் சொல், உள்ளே என்று பொருள். 'லிம்ஃபா' லத்தீன், தெளிந்த நீர். இதற்கு வெளியே சூழ்ந்திருப்பது பெரிலிம்ப்; 'பெரி' என்றால் சுற்றி. தமிழாக்கும்போது லிம்ப் என்று வந்தாலே நிணநீர் என்று எழுதிப் பழகியதால், இவை அகநிணநீர், புறநிணநீர் ஆகிவிட்டன. நிணம் என்றால் கொழுப்பு. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீருக்கு அந்தப் பெயர் அச்சாகப் பொருந்தும். காதுக்குள் இருப்பதற்கோ கொழுப்பைச் சுமக்கும் வேலையே கிடையாது. நோயை எதிர்க்க வெள்ளணுக்களை ஏற்றிச் செல்லும் வேலையும் இல்லை. அகநீர், புறநீர் என்று வைத்திருந்தால் மூலச்சொல்லுக்கும் நெருக்கம், குழப்பமும் இல்லை. இந்த வீடியோவில் அப்படியே சொல்கிறோம். தேடிப் படிக்கும்போது மட்டும் எண்டோலிம்ப், பெரிலிம்ப் என்றே தேடுங்கள்.

உட்காதுக்குள் அடைபட்ட காற்று இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1760-ஐ ஒட்டி இத்தாலியின் நேப்பிள்ஸில் உடற்கூறியலாளர் டொமெனிகோ கொட்டுன்யோ, அங்கே நிறைந்திருப்பது நீர் என்று காட்டினார். 1789-ல் அன்டோனியோ ஸ்கார்ப்பா, எலும்புக் குழிக்குள் ஒரு சவ்வுக்குழாய் இருப்பதையும் அதற்குள் தனியாக ஒரு நீர் இருப்பதையும் விவரித்தார்.

[திரையில்: காக்ளியாவின் குறுக்குவெட்டு. மூன்று அறைகள். மேலும் கீழும் நீல நிறம், நடுவில் ஆரஞ்சு.]

மேல் அறையிலும் கீழ் அறையிலும் புறநீர். இதில் சோடியம் அதிகம், பொட்டாசியம் கொஞ்சம். உடலில் செல்களுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் இந்தக் கணக்குதான். நடு அறையில் அகநீர். இங்கே எல்லாம் தலைகீழ்: லிட்டருக்குப் பொட்டாசியம் சுமார் 150 மில்லிமோல், சோடியம் வெறும் 1. செல்லுக்குள் இருக்க வேண்டிய கலவை செல்லுக்கு வெளியே தேங்கி நிற்கிறது. போதாததற்கு, புறநீரோடு ஒப்பிட்டால் இதன் மின்னழுத்தம் சுமார் 80 மில்லிவோல்ட் கூடுதல். இதை 1952-ல் அளந்தவர் கியோர்க் வான் பெக்கெசி.

ஒலியை உணர்வது, நுனியில் ரோமங்கள் கொண்ட ரோமச் செல். அதன் உட்புறம் ஏறத்தாழ மைனஸ் 60 மில்லிவோல்ட். மேலே அகநீரில் பிளஸ் 80. இடைவெளி 140 மில்லிவோல்ட், கைக்கடக்கமான ஒரு பென்சில் பேட்டரியின் பத்தில் ஒரு பங்கு. ஒலி வந்து ரோமங்கள் சாய்ந்ததும் நுனியில் உள்ள வாயில்கள் திறக்கின்றன. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. மற்ற நரம்புச் செல்களில் இந்த வேலையைச் சோடியம் செய்யும். பாய்ந்த பொட்டாசியம் செல்லின் அடிப்பக்கம் வழியே தானாகவே வெளியேறிவிடும். ரோமச் செல்லுக்குச் செலவு மிகக் குறைவு. பில் கட்டுவது பக்கச்சுவரில் ரத்தக்குழாய்கள் அடர்ந்த ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ். பொட்டாசியத்தை மீண்டும் அகநீருக்குள் ஏற்றுவது அதுதான்.

அதனால்தான் ஃப்யூரோசமைடு போன்ற நீர்பிரிப்பு மருந்தை அதிக அளவில் வேகமாக ரத்தக்குழாயில் ஏற்றினால் காது மந்தமாகலாம். சிறுநீரகத்தில் அந்த மருந்து தடுக்கும் அயனிக் கடத்திக்கு, அதாவது அயனிகளைச் செல்லுக்குள் ஏற்றும் புரதத்துக்கு, ஒரு உடன்பிறப்பு ஸ்ட்ரையாவில் இருக்கிறது. அதுவும் முடங்கினால் 80 மில்லிவோல்ட் சரிகிறது. பெரும்பாலும் மருந்தின் வேகம் குறைந்ததும் கேட்கும் திறன் திரும்பிவிடும். அமினோகிளைக்கோசைடு வகை ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால்தான் நிரந்தரச் சேதத்தின் ஆபத்து கூடுகிறது.

மெனியர் நோயில் பிரச்சினை வேறு. அகநீர் மிகுந்து நடு அறை உப்புகிறது. காதடைப்பு, இரைச்சல், தலைசுற்றல், ஏறி இறங்கும் செவித்திறன் எல்லாம் சேர்ந்து வரும். உப்பைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

குளிக்கும்போது 'காதில் தண்ணீர் போய்விட்டது' என்று தலையைச் சாய்த்துத் தட்டுகிறோமே, அது செவிப்பறைக்கு வெளியே நிற்கிற தண்ணீர். இதற்கும் அகநீருக்கும் சம்பந்தமில்லை. காதிலிருந்து சீழ் வடிந்தால் அது நடுக்காது அல்லது வெளிக்காது விவகாரம்.

[திரையில்: ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அரைவட்டக் கால்வாய்கள்.]

இதே அகநீர்தான், தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் கால்வாய்களிலும். ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, டம்ளரைச் சட்டென்று திருப்புங்கள். டம்ளர் திரும்பும், தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். தலை திரும்பும்போது அகநீரும் இப்படித்தான் பின்தங்கி, குறுக்கே நிற்கும் கூப்புலா என்ற ஜெல்லித் திரையை வளைக்கிறது. தொடர்ந்து சுற்றினால் நீரும் கூடவே சுற்றப் பழகிவிடும். நின்ற பிறகும் அது தள்ளுவதால்தான் நம்மைச் சுற்றி வீடே சுழல்வதுபோல் தோன்றுகிறது.

இந்த ஓட்டத்தைத் தலையை அசைக்காமலே உண்டாக்கலாம். இந்தக் கால்வாய்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் காலோரிக் சோதனையில் நோயாளியைப் படுக்க வைத்து, தலையை 30 டிகிரி உயர்த்துவார்கள். அப்போது பக்கவாட்டுக் கால்வாய் செங்குத்தாகிறது. பிறகு வெளிக்காதில் 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர், இடைவெளி விட்டு 44 டிகிரி தண்ணீர். உடல் வெப்பத்திலிருந்து இருபுறமும் ஏழு டிகிரி. தண்ணீர் உள்ளே போவதில்லை. வெப்பம் மட்டும் எலும்பு வழியே போய், அகநீரைச் சூடானால் மேலே, குளிர்ந்தால் கீழே நகர்த்துகிறது. கண்மணிகள் துடிக்கத் தொடங்கும்: ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, மறுபக்கம் வேகமாகத் திரும்பும். குளிர்ந்த நீருக்கு வேகத் துடிப்பு எதிர்க்காதின் பக்கம், வெந்நீருக்கு அதே காதின் பக்கம். ஒரு காதில் மட்டும் துடிப்பு மந்தமாக வந்தால், அந்தப் பக்கக் கால்வாயையோ நரம்பையோ சந்தேகிப்பார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீரைத் தவிர்த்து வேறு முறையைப் பார்ப்பார்கள்.