எச்.ஐ.வி. பிரசாரத்தால் யாராவது மாறுகிறார்களா?

அடுத்த கேள்வி தண்டையார்பேட்டையில் இருந்து, கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை அனுப்பியது. 'ஏழை நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புக்கு இவ்வளவு செலவு செய்கிறார்களே, அதனால் மக்களின் நடத்தை உண்மையிலேயே மாறுகிறதா அண்ணா?' என்று கேட்டிருக்கிறார்.

மாறுகிறதம்மா. ஆனால் எதைச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்குக் கென்யாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 'திருமணம் வரை உடலுறவிலிருந்து விலகியிருங்கள்' என்று பாடம் நடத்தச் செய்தார்கள். பள்ளிச் சிறுமிகள் கருத்தரிப்பது அதனால் குறையவில்லை. வேறு சில பள்ளிகளில் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு நாள், 40 நிமிடம் பேசினார்கள். உங்கள் வயதுப் பையன்களைவிட, பணமும் பரிசும் காட்டி நெருங்கும் மூத்த ஆண்களிடம்தான் தொற்று அதிகம் என்று வயதுவாரியாகக் கணக்கைக் காட்டினார்கள். அங்கே கருத்தரிப்பு 28 சதவீதம் குறைந்தது. ஏன் கருத்தரிப்பை எண்ணினார்கள் என்றால், இந்த விஷயத்தில் வாயால் கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை; கருத்தரிப்போ ஆணுறை இல்லாத உறவுக்குக் கண்கூடான அடையாளம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டுநர்களிடம் பேசும் வேலையில் நான் இருந்திருக்கிறேன். எலும்பும் தோலுமான ஓர் ஆளின் படம் போட்ட நோட்டீஸைக் கொடுத்தேன். ஒருவர் அதை நான்காக மடித்து, சூடான சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து டீக்கடையில் வைத்த இலவச ஆணுறைப் பெட்டியும் நிறைந்தே கிடந்தது. அதைக் கல்லாவுக்கு எதிரிலிருந்து எடுத்து, யார் கண்ணும் படாத பின்பக்கச் சுவரில் மாட்டினோம். அதன் பிறகுதான் அது காலியாகத் தொடங்கியது. அந்த மனிதர்களுக்கு அறிவுரை அல்ல, மறைவுதான் தேவைப்பட்டது.

மனிதர்களுக்கு அறிவுரை சொல்வதற்குப் பதில் சூழலை மாற்றும் இந்த வழியைத் தாய்லாந்து 1991-இல் ஒரு விதியாகவே ஆக்கியது. ஆணுறை இல்லாமல் எந்தப் பாலியல் தொழில் விடுதியிலும் இடமில்லை என்றார்கள். ஒரு பெண் மட்டும் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். எல்லா வாசலிலும் ஒரே பதில் என்றால் எங்கே போவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொற்று உள்ளவர் உரிய காலத்தில் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதில் நம் சென்னைத் தம்பதிகளும் பங்கெடுத்தார்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உங்கள் கல்லூரியில் கூட்டம் போட்டால் தயவுசெய்து அந்தப் பழைய எலும்புக்கூட்டுப் படங்களை ஒட்டாதீர்கள். இந்தச் செய்தியையும் 1097 என்ற இலவச உதவி எண்ணையும் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்; அங்கேதான் நின்று படிப்பார்கள்.