காற்று வடிகட்டியை மாற்றினால் வண்டியின் வேகம் கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்ற முறையில், மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி எஞ்சினைப் பற்றியதன்று. எஞ்சினுக்குக் காற்றை அனுப்பும் அந்தக் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றியது. காகித வடிகட்டியை உள்ளே வைத்திருக்கும் அந்த ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கடைகளில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கூம்பு வடிவத் திறந்த வடிகட்டியான கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டினால் பிக்கப் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்களே, அது உண்மையா என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட பதில் அடுத்த கடை வாசல் வரைதான் நினைவில் நிற்கும் என்பதால், காரணத்தையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சின் குடிப்பது பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிடக் காற்றைத்தான் மிகுதியாகக் குடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது, நீங்கள் பங்க்கில் போடும் ஒரு லிட்டர் பெட்ரோலுடன் சுமார் 9,000 லிட்டர் காற்றும் எஞ்சினுக்குள் போய்வருகிறது. இவ்வளவு காற்று ஒரு சிறிய காகித வடிகட்டியின் வழியாகப் போகிறது என்றால், அந்த வடிகட்டியே எஞ்சினின் மூச்சைத் திணறடிக்கிறது என்று தோன்றுவது இயல்புதான். விற்பவர்களும் அந்த இடத்தில்தான் பிடிக்கிறார்கள்.

ஆனால் அளந்து பார்த்தால் கதை வேறு. வண்டி முழு வேகத்தில், ஆக்சிலரேட்டரை முற்றிலும் திருகிய நிலையில் ஓடும்போதுகூட, நல்ல நிலையில் உள்ள காகித வடிகட்டியில் இழக்கப்படும் அழுத்தம் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தில் ஓரிரண்டு சதவீதம்தான். வடிகட்டியே இல்லாமல் ஓட்டினாலும் மீட்கக்கூடியது அவ்வளவுதான். நம்முடைய அன்றாட ஓட்டமோ முழு வேகத்தில் நடப்பதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நகரும் நகரத்து ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் த்ராட்டில் வால்வு பெரும்பாலும் பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது, அந்த வால்வைத் தாண்டியதும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வீட்டு வாசற்கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு தெருக்கேட்டை அகலப்படுத்துவதால் உள்ளே வருகிற கூட்டம் கூடிவிடுமா? வேகத்தைக் குறைத்து வைத்திருப்பது உங்கள் கை, வடிகட்டி அன்று.

இந்த இடத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான, 98 சிசி கொள்ளளவில் 11 குதிரைத்திறன் தந்த அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்குத் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கும் மவுசு உங்களுக்குத் தெரியும். என் மாணவர் ஒருவர், தம் தாய்மாமன் வைத்திருந்த ஆர்எக்ஸ் 100-இன் ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலேயே ஒரு கோன் ஃபில்டரை மாட்டிக்கொண்டு வந்து, "சார், முன்னைக்கு இப்போது சீறிக்கொண்டு போகிறது" என்றார். சீறுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் வளாகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வகுப்பறை வரை அது கேட்டது. எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதை ஒரு நாள் அதிகாலையில், நடமாட்டமில்லாத சாலையில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரே கியரில் 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் சோதனை. பழைய பெட்டியுடன் சில ஓட்டம், புதிய கோனுடன் சில ஓட்டம், மறுபடியும் பெட்டியுடன் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவரிடம் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும், கடிகாரத்தைக் காட்டுவதற்கு முன்பே, எது வேகம் என்று ஓட்டியவரைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கோன்தான் என்றார். கடிகாரமோ இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாட்டைக் காட்டவில்லை. த்ராட்டில் பாதியில் இருந்து திருகும்போது கோன் மாட்டிய வண்டி ஒரு கணம் தடுமாறிய பிறகே எழுந்தது.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். தவிட்டு நிறத்தில் இருக்க வேண்டிய அதன் பீங்கான் முனை வெளுத்துப் போயிருந்தது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கார்புரேட்டரின் வாயில் விரலை விட்டுத் துடைத்தபோது விரலில் செம்மண் நெருநெருத்தது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அந்த மாணவர் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கோனை அன்று மாலையே தம் வகுப்புத் தோழர் ஒருவரிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பெட்ரோல் ஏன் குறைந்தது? கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. உள்ளே காற்று வேகமாகப் பாயும் குறுகலான வாயில் அழுத்தம் குறைகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே தூக்குகிறது. ஏர் பாக்ஸ் தருகிற சிறு தடையும் அந்த இழுப்பில் ஒரு பங்கு. அதையும் கணக்கில் கொண்டுதான் தொழிற்சாலையில் ஜெட்டின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். பெட்டியை எடுத்துவிட்டு ஜெட்டை அப்படியே விட்டால் இழுப்பு குறைந்து, கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் நெடுந்தூரம் விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்; மெக்கானிக்குகள் சீஸ் ஆகிவிட்டது என்பது இதைத்தான். அதன் பிறகு சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தும் போரிங் செலவும், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் செலவும் கோனின் விலையைப் போலப் பல மடங்கு.

அந்தப் பெட்டி வெறும் பெட்டியும் அன்று. 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு நொடிக்கு 50 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைப்பது நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரமே. அந்தக் கண நேரத்தில் அலைமோதாத காற்று அருகிலேயே தயாராக இருப்பதற்காகத்தான் பெட்டியின் கொள்ளளவும், அதன் வாய்க்குழாயின் நீளமும் திட்டமிடப்படுகின்றன. நடுத்தர வேகத்தில் இழுவை குறையாமல் இருப்பதில் அதற்குப் பங்குண்டு. அத்துடன், எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஓசையையும் அது அடக்குகிறது. பெட்டியை எடுத்ததும் அந்த ஓசை வெளியே வந்துவிடுகிறது. ஓசை கூடினால் வேகம் கூடிவிட்டதாக நம் காது நம்மிடம் சொல்கிறது. காது சொல்வதை நம்பாதீர்கள், கடிகாரம் சொல்வதை நம்புங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

கார்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பானெட்டுக்கு அடியில் திறந்த கோனை வைத்தால் அது இழுப்பது ரேடியேட்டரின் பின்னால் இருக்கும் சூடான காற்றை. 35 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதிலாக 65 டிகிரிக் காற்றை எஞ்சின் குடித்தால், காற்றின் அடர்த்தி சுமார் ஒன்பது சதவீதம் குறைகிறது. ஓரிரண்டு சதவீதத்தைப் பிடிக்கப்போய் ஒன்பதை விடுவதற்குப் பணமும் கொடுக்கிறோம். அதற்கு மாற்றாக முன்பக்கத்தில் காற்றை வாரிக்கொள்ளும் வாய் ஒன்றை வைக்கலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று தரும் கூடுதல் அழுத்தம் அரை சதவீதத்துக்கும் குறைவு.

காற்றைச் சுழல வைக்கிறோம் என்று சொல்லி, குழாய்க்குள் செருகும் தகடுகளும் விற்பனைக்கு உண்டு. த்ராட்டிலையும் வால்வையும் கடக்கும்போதே அந்தச் சுழற்சி கலைந்துவிடுகிறது. தகடு தருகிற தடை மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும் கருவி எதையும் காணவில்லை.

அப்படியானால், மாற்றியவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. எரிபொருளைக் கணினி செலுத்தும் கார்களில் வடிகட்டி அடைபட்டாலும் மைலேஜ் அவ்வளவாக மாறவில்லை. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பக் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால், அடைபட்டதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டபோது வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. பழைய கார்புரேட்டர் காரில் மைலேஜும் 2 முதல் 6 சதவீதம் கூடியது. நம் ஊரில் கோன் வாங்குகிறவர் கழற்றிப் போடுவது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மாற்றாத, மண்ணடைத்த வடிகட்டியை. அவர் உணர்கிற பிக்கப் உண்மையானதே. அதைத் தந்தது கோனின் வடிவம் அன்று, புதிய வடிகட்டியின் சுத்தம். கம்பெனிக் காகித வடிகட்டியைப் புதிதாகப் போட்டிருந்தாலும் அதே பிக்கப் கிடைத்திருக்கும்.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை காரி ஸ்பீட்வேயிலும் பந்தயம் ஓட்டுகிறவர்கள் காற்றுவழியை மாற்றத்தான் செய்கிறார்கள். அவர்கள் அத்துடன் வால்வுகளைத் திறக்கும் கேம், ஜெட், சைலன்சர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, எஞ்சின் திறனைக் காட்டும் டைனோ கருவியில் அளந்து, பந்தயத்துக்குப் பந்தயம் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டீசல் வண்டிகளைப் பற்றியும் டிராக்டர்களைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். எனக்கு அளிக்கப்பட்ட நேரம் முடியப்போகிறது. எனவே சுருக்கமாக: டீசல் எஞ்சினில் வடிகட்டி அடைத்தால் கரும்புகை வரும், அதை உடனே கவனியுங்கள். குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பருக்கு அருகே இறக்கியவர்கள் மழை வெள்ளத்தில் காரை இறக்க வேண்டாம். குழாய் தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காகித வடிகட்டியைக் கம்ப்ரசர் காற்றால் பலமாக ஊதாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அடைத்திருந்தால் புதியதை வாங்கிப் போடுங்கள். போடும்போது பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளிப்புகள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.